துறையில் கிடந்து காற்றுப் பார்த்தல்

பாயை நம்பிக் கடலேறுகிறவன், வானம் கருத்துக் காற்றுத் திசைமாறும் நாட்களில், துறையைவிட்டு அசையாமல் நங்கூரத்தில் கிடந்து நல்ல காலம் பார்க்க வேண்டும் என்பது மாலுமிகளின் சம்பிரதாயங்களுள் மிகப் பழையது; பழையதாக இருப்பதாலேயே அதை எவரும் பரிசோதித்துப் பார்ப்பதில்லை. பொறுமையைப் புகழ்வது எளிது. ஆனால் எந்தத் துறையில் பொறுத்திருப்பது, எவருடைய செலவில் பொறுத்திருப்பது என்று கேளாமல் அந்தப் புகழ்ச்சியை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மாரி மிகுந்தால் முந்தனை ஆற்று வெள்ளத்தை வாசற்படியில் காண்கிற மட்டக்களப்பு மாவட்டத்துச் சித்தாண்டியில் இருந்துகொண்டு, காற்றையும் தண்ணீரையும் பற்றிய எந்தப் புகழுரையையும் அப்படியே நம்பிவிட முடிவதில்லை.

வழக்கத்தின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடலாம். 1498ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், காற்றறிந்த வழிகாட்டி ஒருவனோடு ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையின் மாலிந்தியிலிருந்து புறப்பட்ட வாஸ்கோடகாமா, ஒரு மாதத்துக்குள் கோழிக்கோட்டுக் கரையை அடைந்துவிட்டான். திரும்புங்காலத்திலோ, வடகீழ்ப் பருவக்காற்று நிலைபெறும்வரை பொறுக்காமல் அக்டோபர் தொடக்கத்திலேயே இந்தியக் கரையருகிலுள்ள அஞ்சதீவிலிருந்து பாய் விரித்ததனால், அதே கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதம் தத்தளித்து, ஸ்கர்வி நோய்க்கு 30 பேர் வரை பலிகொடுத்து, எஞ்சியவர்கள் போதாமையால் தன் கப்பல்களில் ஒன்றைத் தானே கொளுத்த நேர்ந்தது. பருவக்காற்று ஆளுகிற சமுத்திரத்தில் சில வாரக் காத்திருப்பு எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டுவதில்லை.

ஆயினும் காத்திருக்கும் இடம் பிழையானால் காத்திருப்பே அபாயமாகிவிடும். 1746இல் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, நகரத்தை மீட்புப்பணத்துக்கு விட்டுக்கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று புதுச்சேரி ஆளுநர் தியூப்ளேயோடு வழக்காடிக்கொண்டு அக்டோபர் நடுப்பகுதிவரை தன் கப்பல்களை அங்கேயே நிறுத்திவைத்தான். அக்காலச் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. அலைக்கு அப்பால் திறந்த கடலில் நங்கூரமிட்டுக் கிடப்பதே வழக்கம். ஒரே இரவுப் புயலில் அவனுடைய கடற்படை சிதறிப்போயிற்று. அந்தக் கரையில் வாடைக்கு அஞ்சுகிற கப்பல் செய்யத்தக்கது, நேரத்தோடு நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வேறெங்கேனும் போய்விடுவதுதான்.

உண்மையில் பெரும்பாலான துறைகள் ஏதோ ஒரு திசைக் காற்றுக்கே துறைகள். நம்முடைய மட்டக்களப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1782ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆங்கிலேயக் கடற்படையோடு பொருதிச் சேதமுற்ற பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன், ஜூன் தொடக்கம்வரை மட்டக்களப்பில் தங்கிக் கப்பல்களைப் பழுதுபார்த்துக்கொண்டான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் அந்த மாதங்களில் இலங்கைத் தீவின் உடல் முழுவதும் காற்றுக்குக் குறுக்கே நிற்பதால், கச்சான் என்னும் அந்தக் காற்று அடிக்கும்போதும் கிழக்குக் கரையோரக் கடல் பெரும்பாலும் அமைதியாகவே கிடக்கும். அதே இடத்தில் கார்த்திகை மாதத்தில் நங்கூரமிட்டிருந்தால் அவனுடைய கதை வேறாக முடிந்திருக்கக்கூடும்.

உள்ளே வாவி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதன் வாசல்தான் நம்பத்தக்கதன்று. கோடையில் முகத்துவாரத்தை மணல் மேடிட்டு அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் வயல்களுக்கும் வீடுகளுக்கும் ஏறும்போது அதை வெட்டித் திறப்பார்கள். திறந்த வாயிலோ, வெளியே பாயும் ஆற்றுநீரும் உள்ளே உருளும் வாடைக்கடலும் ஒன்றோடொன்று மோதி, ஆழமற்ற மணல்திட்டின்மேல் அலைகள் நிமிர்ந்து உடைகின்றன. பாலமீன்மடுவில் 1913ஆம் ஆண்டிலிருந்து நிற்கும் வெளிச்சவீடு வாசல் இருக்கும் இடத்தைக் காட்டுமேயன்றி, அது கடக்கத்தக்கதா என்பதைச் சொல்லாது. புயலைக் கண்டபின் ஓடிவந்து ஒதுங்கலாம் என்று கணக்கிடுகிறவனுக்கு இத்தகைய துறை பொறியாகிவிடும். முதல்நாளே உள்ளே வந்து கட்டியவனுக்கு மட்டுமே அது அடைக்கலம். காத்திருப்பதில் உள்ள விவேகமெல்லாம், காற்று எழுவதற்கு முன் செய்யப்படும் தீர்மானத்தில் அடங்கியிருக்கிறது என்பதே என் துணிபு.

எல்லாக் காற்றுக்கும் மறைவான ஆழ்ந்த துறை இக்கரையில் திருகோணமலை ஒன்றுதான். ஆனால் அதன் அருகிலுள்ள கொட்டியாரக்குடா ஒதுங்கியவர்களை எப்படி வரவேற்றது என்பதும் நினைவுகூரத்தக்கது. 1659 நவம்பரில் மச்சிலிப்பட்டணத்தில் புயலுக்குப் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புதிய மரம் நாட்டுவதற்காகக் கொட்டியாரத்துக்கு வந்தது. கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பித்தானையும் மாலுமிகள் சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கப்பல் தப்பியது, கப்பித்தான் சிறையிருப்பிலேயே மாண்டான், அவன் மகன் ரொபேட் நொக்ஸ் 19 ஆண்டுகளுக்குப் பின்னரே தப்பியோடினான். அந்தச் சிறையிருப்பைப் பற்றி அவன் எழுதிய நூலால் இலங்கைச் சரித்திரம் அடைந்த லாபம் பெரிது, நொக்ஸ் அடைந்தது என்னவென்பது வேறு விஷயம். அந்நியத் துறையில் நாள் கடத்துவது காற்றைவிடக் கொடியதாகலாம்.

இடத்தோடு, கட்டும் விதமும் முக்கியம். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தின் ஊடாகவே சென்றது. சூறாவளியின் மையம் ஓரிடத்தைக் கடக்கையில் காற்றுச் சற்று அடங்கிப் பின்பு எதிர்த்திசையிலிருந்து அறையும். ஒரு பக்கக் காற்றுக்கென்று மரத்தோடு இறுக்கிக் கட்டிய தோணி, அந்த இரண்டாம் அறையில் கட்டிய மரத்திலேயே மோதி உடைகிறது. இருபுறமும் கயிறு விட்டு, இடையில் ஆடுவதற்குச் சற்று இடமும் கொடுத்துக் கட்டியவனே பிழைக்கிறான். 2004 டிசம்பர் 26 இன்னும் விசித்திரமானது: ஆழ்கடலில் நின்ற படகுகளின்கீழ் ஆழிப்பேரலை அறியப்படாமலே கடந்துபோக, கரையில் பத்திரமாக இழுத்துவைக்கப்பட்டிருந்த வள்ளங்கள் தூளாயின. இதைக்கொண்டு கரைக்கு வருவதே பிழை என்று வாதிப்பது அசட்டுத்தனம். கரையைக் கண்மூடி நம்புதல் ஆகாது என்பது மட்டுமே இதிலிருந்து பெறப்படும்.

இனி, செலவு. சிறு பாய்க்கப்பலில் உலகம் சுற்றவரும் பிரயாணி திருகோணமலையில் பத்து நாள் கூடுதலாகக் கிடந்தால், கிழிந்த பாயைத் தைப்பான், புத்தகம் வாசிப்பான், அதுவும் பிரயாணத்தின் பாகமே என்று திருப்தியடைவான். வாழைச்சேனைத் துறைமுகத்தில் பலநாட்படகுக்குப் போகிறவன் நிலை அதுவன்று. ஐஸ் ஏற்றி, எண்ணெய் அடித்து, சாமான் கட்டியபின் எச்சரிக்கை வந்தால், ஐஸ் உருகிக்கொண்டிருக்கும். செலவைக் கழித்த பிறகே பங்கு என்பதால் உருகுவதில் ஒரு பகுதி அவனுடைய கூலிதான். மூன்றாம் நாள் காற்றுச் சற்றுத் தணிந்தவுடன் அவன் புறப்பட்டால் அதைப் பேராசை என்று கரையிலிருப்போர் பழிக்கிறார்கள். எனக்கு அது கடன்காரனின் கணக்காகவே தெரிகிறது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை விதிக்கும் அரசு, அந்நாட்களுக்கென மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணத் தொகையும் கொடுக்கிறது. அந்தத் தடை மீனினத்தின் பெருக்கத்துக்காக ஏற்பட்டது, வானிலைக்காக அன்று. தொகையும் போதாது என்ற முறைப்பாடு உண்டு. எனினும், கட்டாயமாகக் கரையில் கிடக்கிறவனுக்கும் அடுப்பெரிய வேண்டும் என்னும் ஒப்புதல் அதில் இருக்கிறது. இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் வாடைக்காலத்தில் கடலுக்குச் செல்ல வேண்டாமென்று அறிவிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அவ்வாறான ஏதேனும் ஒரு தொகை சேர்ந்து வருமானால், வானொலியில் வாசிக்கப்படும் அந்த அறிவிப்பை வாழைச்சேனையிலும் களுவன்கேணியிலும் இப்போது கேட்பதைவிட அதிகமானோர் கேட்டு நடப்பார்கள்.