நேச நாட்டின் கத்தரிக்கோல்

சென்னிமலையில் பெட்ஷீட் வாங்கப் போன கடையில், பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: ''ஏனுங்க, இந்தப் போர் நிருபருங்க சண்டை நடக்கற எடத்துக்கே போயி எழுதறாங்களா, இல்லீனா ஓட்டல்ல உக்காந்துட்டு எழுதறாங்களா?''

நியாயமான கேள்வி. பதில் தேடுபவர்கள் தியோடர் ஒயிட் எழுதிய 'இன் சர்ச் ஆஃப் ஹிஸ்டரி'யை (1978) படிக்கலாம்.

ஒயிட், இரண்டாம் உலகப் போரில் 'டைம்' பத்திரிகைக்காக அன்றைய சீனத் தலைநகர் சுங்கிங்கில் இருந்தவர். குளிர்காலத்தில் மூடுபனி அந்த ஊரைக் காப்பாற்றும். கோடையில் வானம் தெளிந்தால் ஜப்பான் விமானங்கள் வந்துவிடும். ஜனங்கள் பாறையைக் குடைந்த சுரங்கங்களுக்கு ஓடுவார்கள். இதெல்லாம் புத்தகத்தில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதன் உயிர் வேறு இடத்தில். குண்டு போடுபவன் எதிரி, சரி. செய்தியை வெட்டுபவன் நண்பனாச்சே! சீனா, அமெரிக்காவின் நேச நாடு. சியாங் கை ஷேக் அரசுக்குச் சங்கடமான சேதி வெளியே போகக் கூடாது. 1939-ல் ஒயிட் அங்கே சேர்ந்ததே அந்த அரசின் பிரசாரப் பிரிவில்தான். அதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார்.

1943-ல் ஹேனான் மாகாணத்தில் கொடும் பஞ்சம். நேரில் போன ஒயிட், சாலையோரப் பிணங்களைப் பார்த்தார். அதே பயணத்தில் அதிகாரிகள் அவருக்கு விருந்து வைத்தார்கள்: கோழி, மீன், சர்க்கரை பூசிய மூன்று கேக்குகள். அவர் லோயாங் தந்தி ஆபீஸில் கொடுத்த செய்தி, சுங்கிங் தணிக்கைக்குப் போகாமலேயே நியூயார்க் சேர்ந்துவிட்டது. உலகம் பதறியது.

என் குறை இங்கேதான். அனுப்பியது கவனக்குறைவா, யாரோ ஒரு குமாஸ்தாவின் மனசாட்சியா? ஒயிட்டுக்கே தெரியவில்லை. அந்த ஆபீஸ்காரர்களுக்குத் தண்டனை கிடைத்திருக்கும் என்று ஊகிக்கிறார். அதிகம் நிற்காமல் நகர்ந்துவிடுகிறார். நிருபருக்குப் புகழ், குமாஸ்தாவுக்குப் பெயர்கூட இல்லை.

தூர தேசத்துக் கதை என்று ஒதுக்காதீர்கள். அதே 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். ஆண்டது நேச நாடான பிரிட்டன். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' ஆகஸ்டில் பஞ்சப் படங்களைப் போட்ட பிறகுதான் பேச்சு கிளம்பியது. 'தி ஹிந்து'வின் டி.ஜி.நாராயணன் நேரில் பார்த்து 'ஃபேமின் ஓவர் பெங்கால்' (1944) எழுதினார். நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

பெரியவரே, ஓட்டலா போர்க்களமா என்பது இரண்டாவது கேள்விங்க. அவர் எழுதினதுக்கு யார் விலை கொடுத்தாங்கன்னு முதல்ல கேளுங்க.