யாருக்கு ஏணி?

அயர்லாந்தில் நிலம் ஒரே மகனுக்கு, சீதனம் ஒரே மகளுக்கு. மிச்சப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டில் தனியாகவே அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். வரலாற்றாசிரியர் ஹேசியா டைனர் 1983இல் ‘எரின்ஸ் டாட்டர்ஸ் இன் அமெரிக்கா’ நூலில் இவர்களை எழுதினார். மற்ற வெள்ளைக்காரிகள் கேவலமென்று ஒதுக்கிய வீட்டுவேலையைச் செய்து, மிச்சம்பிடித்த காசில் தங்கச்சிகளையும் வரவழைத்தார்கள். பாவப்பட்ட ஜென்மங்களாகக் காட்டாதது டைனரின் நேர்மை.

ஆனா எனக்கொரு சண்டை இருக்கு. எங்கம்மா நாலு வீட்ல பாத்திரம் தேய்ச்சவங்க. அந்தக் கூலியில்தான் எம்.ஏ. தமிழ் படித்தேன். படித்த பிறகும் அந்த வீட்டில் எனக்குத் தனி டம்ளர்தான். அயர்லாந்துக்காரியின் மகள் டீச்சரானாள். அதே அடுப்படியில் கறுப்புப் பெண்கள் தலைமுறைகளாக நின்றார்கள். வேலை ஒன்றுதான், ஏணி யாருக்கு? 1977இல் வந்த முதல் நூலிலேயே யூதர்–கறுப்பர் உறவை ஆராய்ந்தவர் டைனர். அவர்கிட்ட கேட்காம வேற யார்கிட்ட கேட்கிறது?