ஒப்புமை விழுக்காடும் ஆய்வு நேர்மையும்: தமிழ் ஆய்விதழ்களை முன்வைத்து ஒரு நோக்கு

ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்புவோர் கணினி மென்பொருள் தரும் ஒப்புமை அறிக்கையையும் உடன் இணைத்தல் வேண்டும் என்னும் விதி தமிழாய்வுத் துறையிலும் பரவி வருகின்றது. விழுக்காடு குறைவாக இருப்பின் கட்டுரை தூயது, மிகுதியாக இருப்பின் ஐயத்திற்குரியது என்று கொள்ளும் போக்கும் அதனுடன் வளர்ந்துள்ளது. இப்போக்குத் தமிழ்க் கட்டுரைகளுக்கு எத்துணைப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை நோக்குகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், தோட்டப்புற நாட்டுப்பாடல்கள் குறித்த கட்டுரையொன்று மதிப்பீட்டிற்காக என்னிடம் வந்தது. ஒப்புமை 6 விழுக்காடு என்றது அறிக்கை. படித்துச் செல்கையில், முன்பு தேர்வாளராக இருந்து படித்த முதுகலை ஆய்வேடொன்று நினைவிற்கு வந்தது. அம்மாணவி தோட்டந்தோறும் சென்று முதிய பெண்களிடம் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டுப் பதிவு செய்தவர். பாடியவர் பெயர், வயது, தோட்டம் ஆகியவற்றை ஒவ்வொரு பாடலின் கீழும் குறித்தவர். நூலகத்திலிருந்த ஆய்வேட்டை எடுத்து ஒப்பிட்டதில், கட்டுரையின் பாடல்கள் அனைத்தும் அதிலுள்ளவையே எனத் தெரிந்தது. பாடியோர் பெயர்கள் மட்டும் நீங்கியிருந்தன.

ஒரே பாடலை இருவர் தனித்தனியே பதிவு செய்திருக்கக் கூடாதா என்னும் வினா எழலாம். அதனைத் தீர்த்தது ஒரு பிழை. ஆய்வேட்டின் ஒப்பாரி ஒன்றில், இரப்பரைக் குறிக்கும் ‘கித்தா’ என்னும் தோட்ட வழக்கு ‘கித்தான்’ எனத் தட்டச்சாகியிருந்தது. தேர்வாளராகிய நானும் அன்று அதனைக் காணத் தவறினேன். கட்டுரையிலும் அதே அடியில் அதே ‘கித்தான்’. போதாக்குறைக்கு, ‘முரட்டுத் துணி’ என்று அதற்கொரு பொருள்விளக்கமும் தரப்பட்டிருந்தது! சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தோர் நன்கறிந்த செய்தி இது. ஒரு படி மற்றொன்றிலிருந்து வந்தது என்பதைச் சரியான பாடத்தைவிட, இரண்டிற்கும் பொதுவான பிழையே உறுதியாகக் காட்டும்.

மென்பொருள் இதனை அறியாததில் வியப்பில்லை. அது தன் தரவுத்தளத்தில் உள்ளவற்றோடு மட்டுமே ஒப்பிடும். நம் ஆய்வேடுகளும் மாநாட்டு ஆய்வுக் கோவைகளும் பெரும்பாலும் அச்சிலேயே நிற்கின்றன. கணினியில் ஏறியவற்றுள்ளும் பல, ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் உருவானவை. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் நடந்த தமிழ்நெட் மாநாடுகளில் குறியீட்டுத் தரப்பாடு பேசப்பட்டமைக்குக் காரணமே, எழுத்துருக்கள் பல்வேறு குறியீடுகளைக் கொண்டிருந்தமைதான். அத்தகைய எழுத்துருவில் அமைந்த பக்கம் நம் கண்ணுக்குத் தமிழாகவும் மென்பொருளுக்குப் பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலாகவும் தோன்றும். மொழிபெயர்ப்பு இதனினும் பெரிய இடைவெளி. ஆங்கிலக் கட்டுரையைப் பத்தி பத்தியாகத் தமிழாக்கித் தம் பெயரில் வெளியிடுவோர்க்குச் சொல்லொப்புமை பார்க்கும் கருவி பெரும்பாலும் தடையாவதில்லை. இயந்திர மொழிபெயர்ப்பு வந்த பின்னர் இதற்கு உழைப்பும் வேண்டியதில்லை.

மறுதலையாக, குறுந்தொகைப் பாடல்கள் பத்தினை முழுமையாகக் காட்டி ஆராயும் நேர்மையான கட்டுரை உயர்ந்த விழுக்காட்டைப் பெற்றுவிடுகின்றது. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை 10, 40, 60 விழுக்காடு என எல்லைகளை வகுத்தது. எனினும் உரிய குறிப்புடன் காட்டப்பெறும் மேற்கோள்களைக் கணக்கில் சேர்க்கலாகாது என்றும் அதுவே கூறுகின்றது. எண்ணை மட்டும் பார்ப்போர் இவ்விலக்கைப் பார்ப்பதில்லை. விழுக்காட்டைக் குறைக்கும் பொருட்டுச் சங்கப் பாடல்களை நீக்கிப் பொழிப்புரையை மட்டும் தந்த மாணவரையும் கண்டிருக்கிறேன்.

மேற்குறித்த கட்டுரையின் ஆசிரியர், நாட்டுப்பாடல் பொதுச்சொத்து என்றும், முன்னோர் மொழியை எடுத்தாளுதல் நம் மரபு என்றும் விளக்கம் அனுப்பினார். மரபைத் துணைக்கழைக்கும் இவ்வாதம் அடிக்கடி கேட்கப்படுவதே. தொல்காப்பிய மரபியல் வழிநூலை ஏற்கின்றது. மொழிபெயர்ப்பையும் அதன் வகைகளுள் ஒன்றாகவே எண்ணுகின்றது. ஆயின் அதன் பெயரே ‘வழிநூல்’. முதனூல் ஒன்று உண்டு என்பதை மறைத்துக்கொண்டு எந்நூலும் வழிநூலாக முடியாது. நன்னூற் பாயிரம், சிறப்புப்பாயிரத்தில் ஆக்கியோன் பெயரை அடுத்துக் கூறவேண்டியதாக ‘வழி’யையே வைத்துள்ளது. உரையாசிரியர்கள் பிறர் கருத்தைப் பெயர் சுட்டாமல் ‘என்பாரும் உளர்’ என்று கூறியதுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது பிறர் கருத்து என்பதை அவர்கள் மறைக்கவில்லை. மேலும், அம்மாணவியிடமிருந்து எடுக்கப்பட்டவை பாடல்கள் மட்டுமல்ல. அவற்றைத் தேடிச் சென்ற கள ஆய்வும் ஆகும்.

எனவே பொறுப்பு மீண்டும் ஆசிரியர் குழுவிடமும் மதிப்பீட்டாளரிடமுமே வந்து சேர்கின்றது. கள ஆய்வுக் கட்டுரையாயின் தகவலாளர் பட்டியலையும் ஒலிப்பதிவையும் கேட்டுப் பெறலாம். பிறமொழி நூல்களைச் சார்ந்ததாயின் மூலப் பக்கங்களின் படியைக் கேட்கலாம். குற்றம் பின்னர் வெளிப்படின், 1997-இல் பிரிட்டனில் தொடங்கப்பெற்ற வெளியீட்டு அறநெறிக் குழு வற்புறுத்துவது போல், காரணங்கூறி மீட்பறிவிப்பு வெளியிடல் வேண்டும். தமிழ் ஆய்விதழ்களில் அத்தகைய அறிவிப்பை நான் கண்டது அரிது. கட்டுரையை ஓசையின்றி விட்டுவிடுதலே வழக்கமாக உள்ளது. என்னிடம் வந்த கட்டுரையும் அவ்வாறே திருப்பி அனுப்பப்பெற்றது. அது வேறோர் இதழைத் தேடிச் செல்வதைத் தடுக்க வழியில்லை.

அம்மாணவி இன்று ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர். செய்தியைக் கூறியபோது அவர் முதலில் கேட்டது, “பாடின பாட்டிங்க பேராவது போட்டிருந்தாங்களா, ஐயா?” என்பதே. அப்பாடல்களை அவர் பெயரிலும் பாடியோர் பெயர்களுடனும் வெளியிடுமாறு இதழாசிரியர் ஒருவரிடம் கேட்டுள்ளேன். ‘கித்தான்’ அதில் திருத்தப்பெறும்.