தீயோர் கூட்டணி

படக்கதைகளைப் பற்றி இலக்கிய ஏட்டில் எழுதுவதா என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். நம் இல்லத்துப் பிள்ளைகள் எதனை விரும்பிப் படிக்கின்றனரோ அதன் தரத்தை ஆராய்வது ஆசிரியப் பணி புரிவோரின் கடமை என நாம் கருதுகிறோம். நல்லது இது, பதர் இது எனப் பிரித்துக் காட்டாமல் அனைத்தையும் ஒருசேர ஒதுக்குவது திறனாய்வு ஆகாது.

அமெரிக்க அதிமானுட வீரர் கதைகளில் ஒரு பழைய உத்தி உண்டு. தனித்தனியே தோற்றுப்போன தீயவர் பலர் ஒன்றுகூடி வந்து நாயகனை எதிர்ப்பர். 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' இதழில் 1947-லேயே 'இன்ஜஸ்டிஸ் சொசைட்டி' என்னும் அணி தோன்றிவிட்டது. அதன்பின் இத்தகைய கதைகள் பெருகின. நினைவில் நிற்பவை சிலவே. அறுவர் சேர்ந்து நின்றால் அச்சம் ஆறு மடங்காகும் என ஆசிரியர் பலர் மயங்குவதே இதற்குக் காரணம். கூட்டணியின் வலிமை தலைகளின் எண்ணிக்கையில் இல்லை. அவர்கள் கூடிய காரணத்தில் இருக்கிறது.

ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1964-இல் ஸ்பைடர்மேன் ஆண்டு மலரில் படைத்த 'சினிஸ்டர் சிக்ஸ்' கதையை எடுத்துக்கொள்வோம். டாக்டர் ஆக்டோபஸ் தலைமையில் வல்ச்சர், எலக்ட்ரோ, கிரேவன், மிஸ்டீரியோ, சாண்ட்மேன் ஆகியோர் சேர்கின்றனர். சேர்ந்தும் ஒருவர்பின் ஒருவராகவே பொருதித் தோற்கின்றனர். ஒருங்கே பாய்ந்திருந்தால் வென்றிருப்பார்களே என்பது பலர் சொல்லும் குறை. நாம் அதனைக் குறையென்று கொள்ளவில்லை. வெற்றிப் புகழைப் பிறரோடு பங்கிட மனமில்லாதவர்கள் அவர்கள். அவர்தம் செருக்கே அவர்தம் திட்டத்தை அழிக்கிறது. ஆயினும் கதை முடிவில் அறுவரும் சிறையில் இருக்க, நாயகன் எதனையும் இழக்கவில்லை. படித்து மகிழ்கிறோம், நெஞ்சம் கலங்குவதில்லை.

அக்குறையை நிறைவு செய்தது 1986-87 காலத்தில் 'அவெஞ்சர்ஸ்' 273 முதல் 277 வரையிலான இதழ்களில் வந்த கதை. எழுதியவர் ரோஜர் ஸ்டெர்ன். வரைந்தவர் ஜான் புஸ்கேமா. தந்தையின் சாவுக்குக் கேப்டன் அமெரிக்காவே காரணம் எனக் கருதும் ஜீமோ, பெரும்படை திரட்டி வீரர்களின் இல்லத்தையே கைப்பற்றுகிறான். காத்திருந்து, வேவு பார்த்து, அவர்கள் பிரிந்திருக்கும் வேளையில் தாக்குகிறான். படைக்கலம் ஏதுமற்ற பணியாளர் ஜார்விஸ், கட்டுண்ட தலைவன் கண்முன்னே அடித்து நொறுக்கப்படுகிறார். கேப்டனிடம் எஞ்சியிருந்த அன்னையின் நிழற்படமும் அழிக்கப்படுகிறது. வெற்றிக்குப்பின் அவ்வீரன் கண்ணீர் விடுவதைக் காணும்போது, தீமை தோற்றாலும் அது பறித்தது மீள்வதில்லை என உணர்கிறோம். கூட்டணிக்குள்ளோ மூன்ஸ்டோன் தலைமையைக் கவரத் தருணம் பார்த்திருக்கிறாள்.

இதற்கு மாறாக, 1989-90-இல் வந்த 'ஆக்ட்ஸ் ஆஃப் வெஞ்சென்ஸ்' தொடரில் லோகி தன்னை மறைத்துக்கொண்டு தீயவர்களைக் கூட்டி, அவரவர் பகைவரை மாற்றிக்கொள்ளச் செய்கிறான். புதுமையான எண்ணந்தான். ஆனால் முன்பின் அறியாதவரோடு பொரும் போரில் வஞ்சினம் ஏது? ஆதலால் பல போர்கள் வெற்று ஆரவாரமாயின. அத்தொடரின் சிறந்த பகுதி கூட்டணி உடையுமிடத்தில்தான் அமைந்தது. நாஜிகளின் வதைமுகாமில் உற்றாரை இழந்த மேக்னிட்டோ, நாஜியான ரெட் ஸ்கல்லோடு ஓர் அணியில் இருக்க உடன்படவில்லை. அவனை நிலத்தடி அறையில் உயிரோடு அடைத்து, சிறிது நீர் மட்டும் வைத்துச் செல்கிறான். தீயவனுக்கும் தாண்டவொண்ணாத ஓர் எல்லை உண்டென்று காட்டும் காட்சி அது.

வள்ளுவர் உட்பகைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இக்கதைகளை அளக்கவும் அது உதவும் கோல். அவர்கள் ஏன் கூடினர்? கூடியபின்னும் தத்தம் இயல்போடு இருக்கின்றனரா? அவர்கள் பிரிவது அவ்வியல்பினாலா, ஏடு முடிந்துவிட்டதென்று ஆசிரியர் அவசரப்பட்டதாலா? பிள்ளையின் கையிலுள்ள ஏட்டைப் பிடுங்குமுன் இம்மூன்றையும் அவனிடமே கேட்டுப் பாருங்கள். தீயோர் எதனால் ஒன்றுபடுகின்றனர் என்பதை விடை தேடி அறிந்த பிள்ளை, நாளை தன்னை ஒரு கூட்டம் அழைக்கும்போதும் அக்கேள்வியை மறவான்.