மனப்போராட்டமும் மாத்தளைத் திருச்சபைகளும்

நன்மை எதுவென்று அறிந்து அதையே விரும்பும் மனிதன், செயலில் தீமையின் பக்கம் சாய்கிறான். கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட பின்னும் இந்த இழுபறி ஏன் ஓயவில்லை? திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய மடலின் ஏழாம் அதிகாரம் இந்தக் கேள்வியை நேராக எதிர்கொள்கிறது. மாத்தளை மாவட்டத்தில் கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர், பெந்தெகோஸ்தே சபையார் அருகருகே வாழ்கிறார்கள். அந்த அதிகாரத்தை எல்லோரும் படிக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு மரபும் அதற்குச் சொல்லும் விடை வேறு. அவ்விடைகளை ஒருங்கே வைத்துப் பார்ப்பதும், அவற்றுக்குப் பொதுவான அளவுகோல்களைக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

இவற்றுள் மூத்தது கத்தோலிக்க மரபு. கலேவெலவுக்கு அண்மையிலுள்ள வஹாகோட்டையில், போர்த்துக்கேய வழிவந்த குடும்பங்கள் கண்டி மன்னர் காலத்திலிருந்தே விசுவாசத்தைக் காத்து வந்துள்ளன. புனித அந்தோனியார் திருத்தலம் இன்றும் அங்கே நிலைத்திருக்கிறது. 1687இல் இலங்கைக்கு வந்து கண்டி இராச்சியத்தில் மறைப்பணி ஆற்றிய புனித யோசவ் வாஸ் அடிகளும், அவருக்குப் பின் வந்து தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றிய ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளும் வகுத்த பாதை இது. கொன்சால்வெஸின் ‘வியாகுலப் பிரசங்கம்’ ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கச் செய்து, பாவத்துக்காக மனம் வருந்தும் பயிற்சியைத் தமிழ்க் கத்தோலிக்கருக்கு அளித்தது. ஞானஸ்நானத்துக்குப் பின்னும் தீய நாட்டம் எஞ்சி நிற்கும், அதற்கு மனம் இசையும்போதே அது பாவமாகும் என்று திரிதெந்தின் சங்கம் 1546இல் வரையறுத்தது. ஆகவே ஆன்ம சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்யேன் என்ற பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம், அபராதம் நிறைவேற்றல் என்று போராட்டத்துக்கு ஒழுங்கான படிகள் இங்கே உண்டு. விழுந்தவன் எங்கே போய் எழ வேண்டும் என்பதில் ஐயமில்லை.

அங்கிலிக்க மரபு தோட்டங்களோடு வளர்ந்தது. மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து, தம்புள்ளையும் நாலந்தையும் கடந்து மாத்தளை வந்து சேர்ந்த தமிழகத் தொழிலாளருக்காக 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தோன்றியது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டந்தோட்டமாகப் போனார்கள். அங்கிலிக்கரின் 39 விசுவாசப் பிரமாணங்களில் ஒன்பதாவது, மறுபடி பிறந்தவனிடத்திலும் சுபாவக் கேடு நீங்காமல் இருக்கிறது என்றும், அந்த இச்சைக்கே பாவத்தின் தன்மை உண்டு என்றும் கூறுகிறது. பவுல் ஏழாம் அதிகாரத்தில் விசுவாசியான தன்னைப் பற்றியே பேசுகிறார் என்று அகுஸ்தீனார் தம் பிற்காலத்தில் கொண்ட கருத்தும், விசுவாசி ஒரே வேளையில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறான் என்ற லூத்தரின் போதனையும் இதன் பின்னணி. சபை முழுவதும் ஒரே குரலில் பாவ அறிக்கை சொல்லும் வழக்கம், இங்கே எவனும் மற்றவனை இழிவாகப் பார்க்க இடமில்லை என்று கற்பிக்கிறது.

1814இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்தர், ஜோன் வெஸ்லியின் பரிசுத்தப் போதனையைக் கொண்டுவந்தார்கள். ஏழாம் அதிகாரம் நியாயப்பிரமாணத்தின் கீழ் தவிக்கும் மனிதனின் படம் என்பது வெஸ்லியின் விளக்கம். அங்கேயே விசுவாசி தங்கிவிடக் கூடாது, எட்டாம் அதிகாரத்தின் விடுதலைக்குள் நடந்து அன்பில் பூரணப்பட வேண்டும் என்றார். அதற்கு அவர் கண்ட வழி வாராந்த வகுப்புக் கூட்டம். சிறு குழுவாகக் கூடி, ஒருவர் ஆத்துமாவின் நிலையை மற்றவர் விசாரித்தார்கள்.

1924இல் கொழும்பில் பாஸ்டர் போல் தொடங்கிய இலங்கைப் பெந்தெகோஸ்தே சபையும், பின்னர் பெருகிய பிற சபைகளும், பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தால் பாவத்தை ஜெயிக்கலாம் என்று அறிவிக்கின்றன. உபவாசம், இரவு ஜெபம், சாட்சி ஆகியவை அவர்களின் ஆயுதங்கள். குடியை விட்டவர் சபை நடுவே எழுந்து சாட்சி சொல்லும்போது, இன்னும் விட முடியாதவருக்கும் நம்பிக்கை பிறக்கிறது.

இப்போராட்டத்துக்கு எல்கடுவவிலும் இரத்தோட்டையிலும் வாழும் கிறிஸ்தவன் வனாந்தரத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. சம்பள நாளில் தவறணை அழைக்கிறது. கொழுந்து நிறுக்கும் தராசுக்கு முன்னால், உள்ளதை உள்ளபடி எழுதுவதா என்ற கேள்வி கணக்கப்பிள்ளைக்கு எழுகிறது. பிள்ளையின் காய்ச்சல் தணியாதபோது, செபத்தில் தரித்திருப்பதா மந்திரவாதியிடம் ஓடுவதா என்று தாய் தவிக்கிறாள். பக்கத்து லயத்துக்காரி மீது பழி எழும்போது வாயைக் காப்பதும் போராட்டமே.

நான்கு மரபுகளும் ஒத்துக்கொள்ளும் அளவுகோல்கள் மூன்று. முதலாவது, சோதனை வேறு, பாவம் வேறு. பாவமற்ற இயேசுவே நாற்பது நாள் சோதிக்கப்பட்டார். எண்ணம் எழுந்ததற்காக நொந்து சாகத் தேவையில்லை. இரண்டாவது, விழுகையைவிட விழுந்த பின் செய்வது முக்கியம். பேதுருவும் யூதாசும் இருவருமே தவறினர். பேதுரு அழுது திரும்பினார், யூதாசோ நம்பிக்கையை இழந்தான். மூன்றாவது, மனந்திரும்புதல் பிறருக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். சகேயு தான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தர முன்வந்தான்.

இந்த மூன்றாவதையே நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். “அது மாம்சத்தின் பெலவீனம், ஐயா” என்ற சொல், குறைத்து எழுதிய கூலியைத் திருப்பித் தராது. கோவிலில் கண்ணீர் விட்டவன் வீட்டில் மனைவியை அடிப்பானானால், அவன் இன்னும் போராடவே தொடங்கவில்லை. தன் பாவத்தோடு சமாதானமாகிவிட்டவனுக்குப் போராட்டம் கிடையாது. உள்ளே போர் நடக்கிறதென்றால் அருளும் அங்கே வேலை செய்கிறது.

ஆகையால் மாத்தளைச் சபையாரை வேண்டுகிறேன்: கத்தோலிக்கரின் இரவு ஆன்ம சோதனையை, அங்கிலிக்கரின் பொது அறிக்கையின் தாழ்மையை, மெதடிஸ்தரின் சகோதர விசாரிப்பை, பெந்தெகோஸ்தேயாரின் உறுதியான நம்பிக்கையை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வோம். யாருக்கு அநியாயம் செய்தோமோ அவர் வீட்டு வாசலுக்குப் போய் ஒப்புரவாகுவோம். அதை இந்த வாரமே செய்வோம்.