மூன்று நெறிகளும் கேட்கப்படாத ஒரு வினாவும்

பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் விலங்குகளைக்கொண்டு நடத்தப்பெறும் பரிசோதனைகளைக் கண்காணிக்க அறநெறிக் குழுக்கள் பல நாடுகளில் இயங்கி வருகின்றன. அவை எந்த அளவுகோலைக்கொண்டு தீர்ப்பளிக்கின்றன என்று ஆராய்வோர், 1959ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு நூலை வந்தடைவர். விலங்கியலார் வில்லியம் ரசலும் நுண்ணுயிரியலார் ரெக்ஸ் பர்ச்சும் எழுதிய 'மனிதத்தன்மையுள்ள பரிசோதனை நுட்பத்தின் கோட்பாடுகள்' என்பதே அந்நூல். இறையியல் கல்லூரிகளில் இதனைப் பயில்வோர் அரியர். ஆயினும் ஆயர்களாகிய நாம் இதனை ஆராய்ந்தறிவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நூலாசிரியர்கள் மூன்று நெறிகளை வகுக்கின்றனர். உணர்வுள்ள விலங்குக்கு ஈடாக உணர்வற்ற பொருளைப் பயன்படுத்துவது மாற்றீடு. வேண்டிய அறிவைக் குறைந்த எண்ணிக்கையான விலங்குகளைக்கொண்டே பெறுவது குறைத்தல். தவிர்க்க இயலாத பரிசோதனையில் வேதனையைத் தணிப்பது செம்மைப்படுத்தல். மேலும், பரிசோதனை முறையிலிருந்தே நேரடியாக விளையும் துன்பத்தையும், கவனக்குறைவாலும் பராமரிப்புக் குறையாலும் தற்செயலாய் வந்துசேரும் துன்பத்தையும் அவர்கள் பிரித்துக் காட்டுகின்றனர். கொடுமை என்பது கொடியோர் உள்ளத்தில் மட்டும் பிறப்பதன்று, நல்லோர் வகுத்த முறையிலும் அது உறைந்திருக்கக்கூடும் என்னும் இவ்வுண்மை, பாவத்தைப்பற்றிய நமது போதனைக்கு அயலானதன்று. இந்நூலின் தலையாய சிறப்பு இதுவே.

குறையும் இச்சிறப்பின் அருகிலேயே உள்ளது. துன்புறும் விலங்கு பிழையான முடிவுகளைத் தரும். ஆதலின் இரக்கமுள்ள முறையே திறமையுள்ள முறை என்று ஆசிரியர்கள் வாதிடுகின்றனர். பெரும்பாலும் இது மெய்யே. ஆனால் இரக்கமும் திறமையும் பிரிந்து செல்லுமிடத்தில் எதனைப் பின்பற்றுவது? வேதனை மிகுந்ததாயினும் பிழையற்ற முடிவைத் தரும் பரிசோதனையை என்செய்வது? மூன்று நெறிகளும் 'எவ்வாறு செய்வது' என்று கேட்கின்றனவேயன்றி, 'இதனைச் செய்யலாகுமா' என்று கேட்பதில்லை.

இக்குறை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில், மனிதருக்கு நேரும் தலைக்காயத்தை ஆராயும்பொருட்டுப் பபூன் குரங்குகளின் தலையில் காயம் உண்டாக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. 1984ஆம் ஆண்டு மே மாதம் விலங்குரிமை இயக்கத்தார் அக்கூடத்தில் அத்துமீறி நுழைந்து, ஆய்வாளர்களே பதிவுசெய்திருந்த சுமார் 60 மணி நேர ஒளிநாடாக்களை எடுத்துச் சென்றனர். போதிய மயக்கமருந்தின்றி நடந்த செயல்களும், காயமுற்ற விலங்குகளைப் பார்த்து எழுந்த நகைப்பும் அவற்றில் காணப்பட்டன. 1985 ஜூலையில் நடுவண் அரசு நிதியுதவியை நிறுத்திற்று. அத்துமீறலை நாம் போற்றவில்லை. ஆயினும், உள்ளிருந்த கண்காணிப்பு காணத் தவறியதைப் புறத்திலிருந்து வந்தோர் வெளிப்படுத்தினர் என்பதை மறைத்தற்கில்லை.

அவ்வாண்டிலேயே அந்நாட்டில் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 1986இல் நடைமுறைக்கு வந்த பொதுச் சுகாதாரத்துறைக் கொள்கை, குறைந்தது ஐந்து பேர் கொண்ட குழுவைக் கட்டாயமாக்கிற்று. அவர்களுள் ஒருவர் அறிவியல் சாராதவராய் இருத்தல் வேண்டும் என்று கூறி, அதற்கு எடுத்துக்காட்டாக அறநெறியாளர், வழக்கறிஞர் ஆகியோருடன் திருப்பணியாளரையும் அது குறிப்பிடுகின்றது. இந்தியாவிலும் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1998இல் விதிகள் வகுக்கப்பட்டன. நிறுவனக் குழுக்களில் அறிவியல் சாராத, சமூக உணர்வுள்ள ஒருவருக்கு இடமுண்டு. நாம் முன்னர்க் குறிப்பிட்ட காரணம் இதுவே. ஆயர் ஒருவர் அந்த நாற்காலிக்கு அழைக்கப்படலாம். ஆங்கு அவர் என்ன கேட்பார்?

விலங்குப் பரிசோதனை அனைத்தையும் மறுத்துவிடுதல் எளிது, ஆனால் நேர்மையன்று. 1921இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் நாய்களைக்கொண்டு நடந்த ஆய்வினால் கண்டறியப்பட்ட இன்சுலினால் உயிர்வாழ்வோர் நமது சபைகளிலும் உள்ளனர். அவர்களுக்குத் திருவிருந்து பரிமாறும் கைகளால் அந்நாய்களின் கதையை அழித்துவிட இயலாது. அந்த நன்மையை மறுதலிக்கவும் இயலாது.

எண்ணாகமம் 22ஆம் அதிகாரம் இங்கு நமக்கு வழிகாட்டுகின்றது. கழுதை பிலேயாமுடையது, அதன்மேல் அவனுக்கு உரிமை உண்டு என்பதை அப்பகுதி மறுக்கவில்லை. ஆயினும் அவன் கண்கள் திறக்கப்பட்டபோது, தூதன் அவனது பயணத்தின் தீமையைப் பேசுமுன்னரே, மும்முறை கழுதையை அடித்ததற்குக் காரணம் கேட்கிறான். உரிமை இருப்பதனால் கணக்குக் கொடுக்கும் கடமை நீங்கிவிடுவதில்லை. ஆதியாகமம் கூறும் ஆளுகையை நமது திருச்சபை உக்கிராணத்துவம் என்று விளக்கி வந்திருப்பதன் பொருளும் இதுவே. ரசலும் பர்ச்சும் உக்கிராணக்காரனுக்குச் சிறந்த கருவிகளை வழங்கினர். ஆனால் அவன் யாருக்குக் கணக்குக் கொடுக்கவேண்டும் என்பதைக் கூறவில்லை.

ஆகவே அந்த நாற்காலியில் அமரும் ஆயர், அறிவியலாரின் பேச்சுக்குத் தலையசைத்துக் கையொப்பமிடுபவராய் இருத்தலாகாது. 'நாடப்படும் அறிவு இத்துன்பத்துக்குத் தகுதியானதா? அனுமதி வழங்கப்பட்டபின் அவ்விலங்கைச் சென்று கண்டவர் யார்?' என்று அவர் வினவவேண்டும். அமெரிக்க முறையில் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை குழுவினர் கூடங்களைப் பார்வையிடவேண்டும். குழு அளிக்கும் அறிக்கையில் சிறுபான்மையோர் கருத்தும் இடம்பெறவேண்டும். வாக்கெடுப்பில் தோற்கும் ஒருவருடைய சாட்சியும் இவ்விதமாய்ப் பதிவு பெறுகின்றது. அறியாமைக்கு அஞ்சி ஆயர் மௌனம் காப்பாராயின், கேட்கப்படாத வினா கேட்கப்படாமலே நின்றுவிடும். அதனைக் கேட்கும் துணிவையும், கேட்பதற்கு வேண்டிய கல்வியையும் நமது மாணவர்களுக்கு அளிப்பது இறையியல் கல்லூரிகளின் கடமையாகும்.