எலிக்கு முன்னாடியே கொடுத்துட்டாங்க

கீழாநெல்லி, சிலிமரின், மஞ்சள் என்று கல்லீரலைக் காக்கும் தாவரப் பொருட்கள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் என் பெரியப்பா. ராத்திரி குவார்ட்டர், காலையில் மோரில் அரைத்துக் கலக்கிய கீழாநெல்லி. "அதான் கணக்கு நேராயிடுதுல்ல" என்பார்.

கீழாநெல்லிக்கு இந்தப் பெயர் காமாலையால் வந்தது. ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் புகழ் அதற்குத்தான். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி தொற்றுள்ளவர்களுக்கு இதைக் கொடுத்து, 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்ததாக லான்செட் இதழில் எழுதினார்கள். பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எப்படியிருந்தாலும் அது வைரஸ் விவகாரம், சாராய விவகாரம் இல்லை.

சரி, 'கல்லீரல் காப்பான்' என்ற பட்டம் ஆய்வகத்தில் எப்படிக் கிடைக்கிறது? வழக்கமான முறை இதுதான்: எலிக்குச் சில நாள் சாறு கொடுப்பார்கள். அப்புறம் கார்பன் டெட்ராகுளோரைடு. பிறகு ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. எவ்வளவு ஏறியது என்று பார்ப்பார்கள். சாறு குடித்த எலிக்குக் குறைவாக ஏறியிருந்தால் கட்டுரை தயார். எனக்கு இதில் ரெண்டு சங்கடம். ஒன்று, அந்த ரசாயனம் பெருமளவு நஞ்சாவது கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை உடைக்கும்போதுதான். அந்த நொதியை மந்தமாக்கும் எந்தச் சரக்கும் இந்தச் சோதனையில் 'காப்பான்' ஆகிவிடும். ரெண்டாவது, மருந்து முதலில், நஞ்சு பிறகு. பெரியப்பாவுக்கோ இருபது வருஷ நஞ்சு முதலில். போதாததற்கு, சாராயத்தால் எலிக்குக் கொழுப்பு படியுமே தவிர மனுஷனைப் போலக் கல்லீரல் சுருங்குவது அரிது.

மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதித்த ஒன்று சிலிமரின். ஐரோப்பிய முள்செடி ஒன்றின் விதையிலிருந்து எடுப்பது. 1989-இல் வெளிவந்த வியன்னா ஆய்வில் கல்லீரல் சுருங்கிய 170 பேர். நான்கு வருடத்தில் உயிரோடிருந்தவர்கள் சிலிமரின் எடுத்தவர்களில் 58 சதவீதம், எடுக்காதவர்களில் 39. மாத்திரை விற்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். 1998-இல் ஸ்பெயினில் குடியால் கல்லீரல் சுருங்கிய 200 பேரிடம் செய்த ஆய்வில், இறந்தவர்கள் சிலிமரின் தரப்பில் 15, போலி மாத்திரைத் தரப்பில் 14. இந்தக் கணக்கை எந்த டப்பாவிலும் நான் பார்த்ததில்லை.

மஞ்சளில் வேறு ஆபத்து. குழம்பு மஞ்சளைச் சொல்லவில்லை. நன்றாக உறிஞ்சவேண்டும் என்று மிளகுச் சத்து சேர்த்து விற்கும் மாத்திரை. அமெரிக்காவில் மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி 2022-இல் கட்டுரையே வந்துவிட்டது. காக்கப் போனது கடித்த கதை.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். குடியை நிறுத்தினால் ஆரம்பநிலைக் கொழுப்பு பெரும்பாலும் தானாகக் கரையும், எந்த மூலிகையும் அதற்கு ஈடில்லை என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நிறுத்தினா ரெண்டாவது நாளே கை நடுங்குதுடா" என்றார்.

இத்தனை கட்டுரைகளில் ஒன்றுகூட அந்த நடுக்கத்தைப் பேசவில்லை. அதற்கு மருத்துவம் இருக்கிறது, திடீரென்று தனியாக நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்று சொல்லி, மருத்துவமனைக்குக் கூட்டிப்போகத் தேதி வாங்கியிருக்கிறேன். கீழாநெல்லியைக் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார்.